மியூனிக்கில் வீடு தேடுகிறவர்களுக்கு: அந்தப் பாஸ்போர்ட்டில் இருப்பது நான்தான், வீட்டுக்காரி நான் இல்லை

மியூனிக்கில் ஷ்வாபிங் பகுதியில் ஓர் அறை வீடு வாடகைக்கு இருக்கிறது, உரிமையாளர் ஓர் இந்தியப் பெண், இப்போது வெளிநாட்டில் இருக்கிறார், சாவியைக் கூரியரில் அனுப்புவார் என்று சொல்லி யாராவது உங்களுக்கு ஒரு பாஸ்போர்ட் நகலை அனுப்பினால், தயவுசெய்து பணம் அனுப்பாதீர்கள். அந்த நகலில் இருப்பது என் முகமாக இருக்கலாம். எனக்கு மியூனிக்கில் வீடு கிடையாது. நானே ஒரு பகிர்வு வீட்டில் ஓர் அறையில் வாடகைக்கு இருக்கிறேன்.

என்ன நடந்தது என்பதை முழுதாகவே சொல்லிவிடுகிறேன். ஏமாந்தது எப்படி என்று தெரிந்தால்தான் அது உங்களிடம் வரும்போது அடையாளம் தெரியும்.

2024 ஜூனில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் முதுகலைக்கு இடம் கிடைத்தது. நான் கரூர். அப்பா போக்குவரத்துக் கழகத்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். விசாவுக்காக முடக்கக் கணக்கில், அதாவது மொத்தமாகப் போட்டுவிட்டு மாதாமாதம் ஒரு பங்கை மட்டும் எடுக்க முடிகிற கணக்கில், 11,208 யூரோ கட்ட வேண்டும் என்பது அப்போதைய விதி. அந்தச் செப்டம்பரிலிருந்து அதை 11,904 ஆக்கிவிட்டார்கள். கல்விக்கடன் போக மீதியை அப்பா தன் ஓய்வுப் பணத்திலிருந்து எடுத்தார். நான் கட்டிய தொகைக்கு மாதம் 934 யூரோதான் கையில் வரும். அதற்குள் வாடகை, சாப்பாடு, காப்பீடு எல்லாம் அடங்க வேண்டும். மியூனிக்கிலோ பகிர்வு வீட்டில் ஓர் அறைக்கே 700, 800 யூரோ கேட்கிறார்கள். ஜெர்மனியிலேயே வாடகை மிக அதிகமான ஊர் அது.

மாணவர் விடுதிக்கு விண்ணப்பித்தேன். வாடகை வெளியில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான். ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். சில பருவங்கள் கழித்துத்தான் இடம் வரும் என்று பதில் வந்தது. அப்புறம் அறை தேடும் தளங்களில் தினமும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு எழுதினேன். ஐந்து வாரத்தில் கிட்டத்தட்ட முந்நூறு பேர். பதில் போட்டவர்கள் ஏழு பேர். அதில் ஆறு பேர் கேட்டது ஒரே கேள்வி: நேரில் வந்து பார்க்க முடியுமா? கரூரிலிருந்து எப்படிப் போய்ப் பார்ப்பது? ஏழாவது பதில் மட்டும் வேறு மாதிரி இருந்தது.

அதை எழுதிய பெண் தன்னை ஒரு மருத்துவர் என்று சொன்னார். மியூனிக்கில் வேலை பார்த்தபோது வாங்கிய வீடாம். இப்போது ஸ்காட்லாந்தில் இருக்கிறாராம். 36 சதுர மீட்டர், எல்லாச் சாமான்களும் உண்டு, மின்சாரம், இணையம் சேர்த்து 650 யூரோ. பக்கத்திலேயே யு6 ரயில், ஏறினால் கார்ஹிங்கில் என் வகுப்புக்கே போய் இறங்கலாம். ஷ்வாபிங்கில் அப்படி ஒரு வீடு 650க்குக் கிடைக்காது என்று இப்போது தெரிகிறது. அப்போதும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஐந்து வாரம் யாருமே மதிக்காமல் இருந்துவிட்டு, ஒருவர் நம் பெயரைச் சொல்லி, நம் படிப்பைப் பற்றிக் கேட்டு, "வீட்டைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பெண் பிள்ளைதான் வேண்டும்" என்று எழுதினால் மனது இளகிவிடுகிறது. ஷூஃபா வேண்டாம் என்றும் சொன்னார். ஷூஃபா என்பது நம் ஊர் சிபில் மாதிரி, கடன் நாணயச் சான்று. ஜெர்மனிக்குப் புதிதாக வருபவர்களிடம் அது இருக்காது. பெரும்பாலான விளம்பரங்களில் அதைக் கேட்பார்கள். அது தேவையில்லை என்று ஒருவர் சொல்லும்போது கதவு திறந்த மாதிரி இருக்கும். புதிதாக வருகிற வெளிநாட்டு மாணவர்களைத்தான் இவர்கள் குறி வைக்கிறார்கள் என்பதற்கு அதுவே அடையாளம்.

முதலில் தன் பாஸ்போர்ட் நகலை அவராகவே அனுப்பினார். இத்தாலிப் பாஸ்போர்ட், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண். அடுத்த வரியில், ஒப்பந்தம் தயாரிக்க என் பாஸ்போர்ட்டையும் பல்கலைக்கழக அனுமதிக் கடிதத்தையும் கேட்டார். அவர் முதலில் கொடுத்துவிட்டதால் எனக்குத் தயக்கமே வரவில்லை. முதல் பக்கம், கடைசிப் பக்கம் இரண்டையும் தெளிவாக ஸ்கேன் செய்து அனுப்பினேன். என் பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் அப்பா பெயர், அம்மா பெயர், வீட்டு முகவரி எல்லாம் இருக்கிறது. பணத்தைவிடப் பெரிய தவறு அதுதான்.

அட்வான்ஸ் இரண்டு மாத வாடகை, முதல் மாத வாடகை ஒன்று, மொத்தம் 1,950 யூரோ. தன் கணக்குக்கு நேராக வேண்டாம், எல்லாருக்கும் தெரிந்த ஒரு தங்குமிட நிறுவனம் வழியாகச் செய்வோம் என்றார். அவர்கள் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வார்களாம். சாவி வந்து, நான் வீட்டைப் பார்த்து, பிடித்திருக்கிறது என்று சொன்ன பிறகுதான் அவருக்குக் கொடுப்பார்களாம். பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பி வருமாம். இதைவிடப் பாதுகாப்பு என்ன வேண்டும் என்று நினைத்தேன். அவர் அனுப்பிய இணைப்பைத் திறந்தால் அந்த நிறுவனத்தின் பக்கம் மாதிரியே இருந்தது. அதே நிறம், அதே எழுத்து, வாடிக்கையாளர் சேவை அரட்டைப் பெட்டிகூட வேலை செய்தது. முகவரியில் மட்டும் நிறுவனத்தின் பெயருக்குப் பின்னால் ஒரு சிறு கோடும் இன்னொரு சொல்லும் கூடுதலாக இருந்தன. அது போலிப் பக்கம். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வீட்டை ஆராவது நேர்ல போய்ப் பாத்தாங்களா கண்ணு?" கரூரில் நாங்கள் வாடகை வீடு மாறியபோதெல்லாம் அப்பா குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்ப்பார், பக்கத்து வீட்டில் விசாரிப்பார், மறுநாள் சாயங்காலம் இன்னொரு தடவை அம்மாவைக் கூட்டிக்கொண்டு போவார். "அங்கெல்லாம் இப்படித்தாங்கப்பா, எல்லாம் ஆன்லைன்தான்" என்று சொல்லிவிட்டேன். அது உண்மை இல்லை. ஜெர்மனியில் நேரில் பார்க்காமல் பெரும்பாலும் யாரும் வீடு எடுப்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. பதில் போட்ட அந்த ஆறு பேரும் அதைத்தான் சொன்னார்கள்.

மறுநாள் வங்கியில் பணம் அனுப்பும் படிவத்தைப் பார்த்த அலுவலர், "வீடு ஜெர்மனில, ஓனர் ஸ்காட்லாந்துல, அக்கவுண்ட் ஏம்மா ஸ்பெயின்ல இருக்கு?" என்று கேட்டார். ஐரோப்பாவில் கணக்கு எண்ணின் முதல் இரண்டு எழுத்து எந்த நாடு என்று சொல்லிவிடும். ஜெர்மனி என்றால் டிஇ. எனக்குக் கொடுத்த எண் இஎஸ் என்று தொடங்கியது. நிறுவனத்தின் ஐரோப்பியக் கணக்கு என்று அந்த அரட்டைப் பெட்டியில் எனக்குச் சொல்லியிருந்ததை அப்படியே அவரிடம் ஒப்பித்தேன். சுமார் 1,80,000 ரூபாய் போனது. அப்பாவின் பணம்.

நான்கு நாள் கழித்து இன்னொரு மின்னஞ்சல். சாமான்களுக்குக் காப்பீடாக 900 யூரோ கட்டினால் அன்றைக்கே சாவி கிளம்பிவிடும், பிறகு அது திரும்பி வந்துவிடும் என்று. அப்போதுதான் வயிற்றில் கலக்கம் எடுத்தது. தம்பி மின்னியல் படிக்கிறான். படங்களைக் காட்டச் சொன்னான். சமையலறைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது ஐரோப்பாவே இல்லைக்கா" என்றான். அடுப்புக்கு மேலே சுவரில் இருந்த பிளக் பாயிண்டில் இரண்டு தட்டையான கோடுகள், கீழே ஒரு துளை. அது அமெரிக்காவிலும் கனடாவிலும் இருக்கும் வகை. ஜெர்மனியில் வட்டமாக உள்ளே குழிந்து, இரண்டு உருண்டைத் துளைகள் இருக்கும். படத்தை இணையத்தில் தேடினான். டொரொன்டோவில் விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு வீட்டின் விளம்பரத்தில் அதே சமையலறை இருந்தது.

கல்லூரியில் எனக்கு சீனியரான அக்கா ஒருவர் மியூனிக்கில் இருக்கிறார். தொந்தரவு கொடுக்க வேண்டாம் என்று அதுவரை கேட்காமல் இருந்தேன். அன்று கூப்பிட்டேன். வேலை முடிந்து நேராக அந்த முகவரிக்குப் போனார். எனக்குச் சொன்னது ஐந்தாவது மாடி. கட்டடத்துக்கு மூன்று மாடிதான். ஜெர்மனியில் வாசலில் அழைப்பு மணிக்குப் பக்கத்தில் குடியிருப்பவர்களின் பெயர் எழுதியிருக்கும். அதில் அந்தப் பெயர் இல்லை. நாற்பது நிமிட வேலை. முன்னாலேயே கேட்டிருந்தால் சந்தோஷமாகச் செய்திருப்பேன் என்று அவர் வருத்தப்பட்டார். உங்களுக்கு அந்த ஊரில் தெரிந்தவர் இல்லை என்றால் தமிழ்ச் சங்கத்தில் கேளுங்கள், பல்கலைக்கழகத்தின் இந்திய மாணவர் குழுவில் கேளுங்கள். கூச்சப்படாதீர்கள்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைத்துப் புகார் கொடுத்தேன், இணையவழிக் குற்றத் தளத்திலும் பதிவு செய்தேன். உள்நாட்டுக்குள் போன பணம் என்றால் சில மணி நேரத்துக்குள் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு, வெளிநாட்டுக் கணக்குக்குப் போய் நாள் கடந்துவிட்டால் கஷ்டம் என்று மாவட்ட சைபர் கிரைம் காவல் நிலையத்தில் பொறுமையாக விளக்கினார்கள். வங்கி வழியாகப் பணத்தைத் திரும்பக் கேட்டோம். கணக்கில் ஒன்றும் மிச்சமில்லை என்று ஆறு வாரம் கழித்துப் பதில் வந்தது.

செப்டம்பர் 28 அன்று இறங்கினேன். அப்போது அக்டோபர்ஃபெஸ்ட் நடந்துகொண்டிருந்தது. உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வந்து குவியும் திருவிழா. சாதாரண ஹாஸ்டல் படுக்கைக்கே பல மடங்கு விலை. பன்னிரண்டு நாள் அந்த அக்கா வீட்டில் தரையில் படுத்தேன். பிறகு, ஆறு மாதம் வேறு நாட்டுக்குப் போகும் ஒரு மாணவியின் அறை, ட்ஸ்விஷென்மீட்டெ என்று சொல்லும் தற்காலிக வாடகைக்குக் கிடைத்தது. இதைத்தான் முதலில் தேடியிருக்க வேண்டும். இரண்டு மூன்று மாதத்துக்குத் தற்காலிக அறை ஒன்றைப் பிடித்துவிட்டு, நிரந்தர வீட்டை வந்து இறங்கிய பிறகு தேடுங்கள்.

அந்தத் தற்காலிக அறையைப் பிடிக்கும்போதும் வீட்டுக்காரர் வோனுங்ஸ்கேபர்பெஸ்டேடிகுங் என்ற ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுத் தருவாரா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும், அதற்கு அந்தத் தாள் வேண்டும். பதிவு இல்லாமல் வசிப்பு அனுமதி வேலையெல்லாம் நின்றுவிடும். தர மாட்டேன் என்பவரிடம் அறை எடுக்காதீர்கள்.

அட்வான்ஸ் விஷயத்தில் சட்டம் நம் பக்கம் இருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. ஜெர்மன் சிவில் சட்டத்தின் 551ஆவது பிரிவின்படி அட்வான்ஸ் மூன்று மாத கால்ட்மீட்டெக்கு மேல் வாங்கக் கூடாது. கால்ட்மீட்டெ என்றால் சூடேற்றும் செலவு, தண்ணீர் எல்லாம் சேர்க்காத அடிப்படை வாடகை. அதையும் மூன்று தவணையாகக் கொடுக்கலாம், முதல் தவணை வாடகைக் காலம் தொடங்கும்போதுதான். வீட்டைப் பார்க்கும் முன்னே, சாவிக்கும் முன்னே முழுத் தொகையையும் அனுப்பு என்று ஒருவர் கேட்டாலே அங்கேயே நிறுத்திவிடுங்கள். நேரில் போக முடியாவிட்டால், வீட்டுக்காரரை வீடியோ காலில் தெருவிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்: தெருப் பெயர்ப் பலகை, வாசல் மணிப் பெயர்கள், படிக்கட்டு, சாவி போட்டுத் திறக்கும் கதவு, ஜன்னலுக்கு வெளியே தெரிவது. உண்மையாக வீடு வைத்திருப்பவருக்கு ஐந்து நிமிட வேலை அது. பாஸ்போர்ட் நகலை வீடு பார்த்து, ஒப்பந்தம் போடும் நேரத்துக்கு முன் அனுப்ப வேண்டாம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் எண்ணையும் கடைசிப் பக்கத்தையும் மறைத்து, யாருக்கு, எதற்கு, என்ன தேதியில் கொடுக்கிறோம் என்று முகத்தின் குறுக்காகவே எழுதிவிடுங்கள்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் ஜனவரியில் வந்த ஒரு செய்தி. பங்களாதேஷைச் சேர்ந்த ஒரு மாணவர், வேலைவாய்ப்புத் தளத்தில் என் பெயரைத் தேடிக் கண்டுபிடித்து எழுதியிருந்தார். "உங்கள் வீட்டுக்கு 1,800 யூரோ அனுப்பி ஒன்பது நாள் ஆகிறது, சாவி எப்போது வரும்?" கூடவே என் பாஸ்போர்ட் நகல். நான் கரூரில் ஸ்கேன் செய்தபோது விழுந்த மெல்லிய நிழல்கூட ஓரத்தில் அப்படியே இருந்தது. அவருக்கு விளக்கிச் சொன்னேன். முதல் இரண்டு நாள் அவர் நம்பவில்லை, என்னைத் திட்டினார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். அந்த இத்தாலிப் பெண்ணைப் பற்றி அன்றைக்குத்தான் யோசித்தேன். அவரும் எங்கேயோ வீடு தேடியவராகத்தான் இருக்க வேண்டும்.

மியூனிக் காவல்துறையில் போய் இதையும் எழுதிக் கொடுத்தேன். ஒரு எண் கொடுத்திருக்கிறார்கள், யாராவது கேட்டால் காட்ட. என் பாஸ்போர்ட் 2031 வரை செல்லும்.

ஏப்ரலில் இன்னொரு பெண் எழுதினார், நைஜீரியாவிலிருந்து. இவர் இன்னும் பணம் அனுப்பவில்லை. அனுப்பாதீர்கள் என்றேன். நீங்கள்தான் உண்மையான ஆள் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார். சரியான கேள்வி. வீடியோ காலில் வந்து, பாஸ்போர்ட்டை முகத்துக்குப் பக்கத்தில் பிடித்துக் காட்டினேன். காவல்துறை கொடுத்த தாளைக் காட்டினேன். என் அறையைச் சுற்றிக் காட்டினேன்: ஒரு கட்டில், ஒரு மேசை, பொதுச் சமையலறைக்குப் போகும் கதவு. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, வங்கிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த தன் அண்ணனை அழைத்து நிறுத்தச் சொன்னார்.