ஆடியோ நடுவுல டிக் டிக்னு வெட்டுதா? லேட்டன்சிமான் போட்டுப் பாருங்க

சிபியு லோடே இல்ல, ரேம் காலியா கிடக்கு, ஆனா ஒரு பெரிய விண்டோவ இழுத்தா போதும் ஹெட்போன்ல டிக்குனு ஒரு சத்தம். இந்தப் பிரச்சனை இருக்குறவங்க புது ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்குறதுக்கு முன்னாடி விண்டோஸ்ல லேட்டன்சிமான்ங்கிற டூல ஒரு தடவ ஓட விடுங்க, எந்த டிரைவர் ஆடியோவ லேட் ஆக்குதுன்னு காட்டும், வீட்டு உபயோகத்துக்கு ஃப்ரீ தான்.

48 கிலோஹெர்ட்ஸ்ல 128 சாம்பிள் பஃபர் (சத்தத்த முன்கூட்டியே ரொப்பி வைக்கிற குட்டி மெமரி) வச்சா உங்க கையில இருக்குறது வெறும் 2.67 மில்லிசெகண்ட், அதுக்குள்ள சவுண்ட் கார்டு இன்டரப்ட் (சிபியுவ உடனே கவனிக்கச் சொல்லுற சிக்னல்) குடுத்து, சிபியு அத கவனிச்சு, அடுத்த பஃபர ரொப்பிடணும். அந்த நேரம் பாத்து கிராஃபிக்ஸ் டிரைவரோட டிபிசி (இன்டரப்டுக்கு அப்புறம் செய்யலாம்னு டிரைவர் தள்ளி வச்ச மீதி வேலை) அதே கோர்ல உக்காந்துட்டா ஆடியோ வேலை வரிசையில நிக்கும், பஃபர் காலி, சத்தம் வெட்டும். எந்த டிரைவர் எவ்ளோ நேரம் புடிச்சு வச்சுச்சுன்னு டிரைவர்ஸ் டேப்ல பேரோட வந்துரும், மெயின் டேப்ல வர்ற பச்ச கலர் தீர்ப்ப மட்டும் பாத்துட்டு மூடிடாதீங்க. அப்புறம், லிஸ்ட்ல டைரக்ட்எக்ஸ் கிராஃபிக்ஸ் கெர்னல் மேல வந்தா விண்டோஸ திட்டாதீங்க, அது கிராஃபிக்ஸ் டிரைவர கூப்பிட்டு வேலை வாங்குற லேயர், நேரத்த தின்னுறது பெரும்பாலும் உள்ள இருக்குற டிரைவர் தான்.

ஆனா இதுல ஒரு பெரிய ஓட்டை இருக்கு. இன்டரப்ட் ரொட்டீன் (இன்டரப்ட் வந்ததும் ஓடுற டிரைவர் கோடு) ஓட ஆரம்பிச்ச நொடியில இருந்து தான் இது கணக்கு வைக்கும், அதுக்கு முன்னாடி ஆன லேட் கணக்குலயே வராது. பழைய பிசிஐ (கார்டுகள மதர்போர்டோட இணைக்கிற பஸ்) காலத்துல சில கிராஃபிக்ஸ் டிரைவருங்க கார்டோட ஃபிஃபோல (வர்ற டேட்டா வரிசையா காத்திருக்குற இடம்) இடம் இருக்கான்னே பாக்காம டேட்டாவ தள்ளிட்டே இருக்கும், கார்டு நிரம்பிட்டா பஸ் அப்படியே நிக்கும், எழுதிட்டு இருக்குற இன்ஸ்ட்ரக்ஷன் முடியாம சிபியு எந்த இன்டரப்டையும் எடுக்க முடியாது. இப்போ பிசிஐ எக்ஸ்பிரஸ்லயும் கார்டு ரெஜிஸ்டர (கார்டுக்குள்ள இருக்குற குட்டி மெமரி) படிக்கப் போனா பதில் வர்ற வரைக்கும் அந்த கோர் மாட்டிக்க வாய்ப்பு இருக்கு. அந்த மாதிரி காத்திருப்பு இன்டரப்டுக்கு முன்னாடியே நடந்துட்டா ரிப்போர்ட் சுத்தமா இருக்கும், காதுல மட்டும் டிக் கேக்கும்.

அதனால ரிப்போர்ட் பச்சையா இருந்தும் சத்தம் வெட்டுனா, கிராஃபிக்ஸ் பவர் செட்டிங்க ஃபுல் பெர்ஃபார்மன்ஸ்ல வச்சுப் பாருங்க, பஃபர 256 ஆக்குங்க, அதுக்கும் அடங்கலன்னா வேற கிராஃபிக்ஸ் கார்டு மாத்திப் போட்டு செக் பண்ணுங்க.