ராத்திரி ஃப்ரீசரை அணைக்கும் கடையில் பிளட்வார்ம் வாங்காதீர்கள் (பெங்களூரு)

பெங்களூரில் மீன் வளர்க்கும் தமிழ் நண்பர்கள் அவசியம் படிக்க வேண்டும். சிவாஜிநகர் பக்கம் ஒரு கடையில் 100 கிராம் ஃப்ரோசன் பிளட்வார்ம் (மீனுக்குத் தீனியாகப் போடும் உறைந்த சிவப்புப் புழு) வாங்கினேன். மாத்திரை அட்டை மாதிரி 30 கட்டம் கொண்ட பிளிஸ்டர் பேக். மேலே ஒட்டிய தாளில் புழுப் படமும் எடையும் மட்டும்தான். தயாரித்தவர் பெயரும் இல்லை, மாதமும் இல்லை. அதைப் பார்த்த உடனேயே திருப்பி வைத்திருக்க வேண்டும்.

60 லிட்டர் தொட்டி, 12 கார்டினல் டெட்ரா, ஒரு ஜோடி ரேம் மீன். போட்டது ஒரே ஒரு கட்டம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆனது. மறுநாள் காலை அம்மோனியா டெஸ்ட் 0.5 பிபிஎம் காட்டியது, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து மூச்சு வாங்கின. மூன்றாம் நாள் பெண் ரேம் செத்துவிட்டது.

பேக்கோடு கடைக்குப் போய்க் கேட்டபோது கடைப் பையன் ஒளிக்காமல் சொன்னான்: "ராத்திரி ஃப்ரீசரை ஆஃப் பண்ணிடுவோம்ணா, கரண்ட் பில் ஜாஸ்தி வருது. காலையில போட்டா மறுபடி கெட்டியாயிடும்." அவனைப் பொறுத்தவரை கெட்டியாக இருந்தால் போதும், அது நல்ல சரக்கு. முதலாளி பணம் தர மறுத்துவிட்டார்.

கெட்டியாக இருப்பது எதற்கும் அத்தாட்சி இல்லை. தொழிற்சாலையில் புழுவை மிக வேகமாக உறைய வைப்பார்கள், அதனால் உள்ளே உருவாகும் ஐஸ் படிகம் சின்னதாக இருக்கும், புழு முழுசாக நிற்கும். கடை ஃப்ரீசரில் மெதுவாக உறையும்போது படிகம் பெரிதாக வளர்ந்து செல்களைக் கிழித்துவிடும். அடுத்த முறை உருகும்போது உள்ளிருக்கும் சாறெல்லாம் வெளியே வந்துவிடும். பிளட்வார்ம் சேற்றில் வளரும் பூச்சியின் புழு, அதன் குடலிலேயே பாக்டீரியா இருக்கும். உருகிக் கிடக்கும் அந்த சில மணி நேரத்தில் அது பெருகும். திரும்ப உறைந்தாலும் சாகாது, தூங்கும், அவ்வளவுதான்.

அந்தச் சாறு மீன் வாய்க்குப் போகாது, நேராகத் தண்ணீரில் கலக்கும். அதைத் தின்னும் பாக்டீரியாதான் வெண்கலங்கல், அதுவே ஆக்சிஜனையும் இழுத்துக்கொள்ளும். கூடவே அம்மோனியா. நம் ஊரில் பி.எச். கூடுதலான போர் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 25 டிகிரியில் பி.எச். 7 என்றால் மொத்த அம்மோனியாவில் விஷமாக நிற்பது 0.6 சதவீதம் அளவுதான். பி.எச். 8 ஆனால் அதுவே 5 சதவீதத்தைத் தாண்டும். ஒரே டெஸ்ட் ரீடிங், ஆனால் ஒன்பது மடங்கு விஷம்.

கடையிலேயே எப்படிக் கண்டுபிடிப்பது? பேக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். நல்ல பேக்கில் ஒவ்வொரு கட்டத்திலும் புழு சீராகப் பரவியிருக்கும், நிறம் அடர் சிவப்பு. உருகி உறைந்த பேக்கில் ஒரு மூலையில் மட்டும் சிவப்பு ஐஸ் தேங்கியிருக்கும், எதிர்மூலையில் வெளிறிய புழு. பேக் சாய்ந்து கிடந்தபோது சாறு ஓடியதன் தடம் அது. கட்டத்தின் மேல்பக்கம் சரிந்திருக்கும், பிளாஸ்டிக்குக்கும் ஐஸுக்கும் நடுவே பூ மாதிரி உறைபனி இருக்கும். பழுப்போ கறுப்போ தெரிந்தால் தொடவே வேண்டாம்.

வீட்டுக்கு வந்தபின் ஒரு கட்டத்தை டீ வடிகட்டியில் வைத்து உருகவிட்டு நகை எடை பார்க்கும் சின்னத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 3.3 கிராம் இருக்க வேண்டிய கட்டத்தில் எனக்கு நின்றது 1.4 கிராம், மீதி சிவப்புத் தண்ணீர். நின்றதிலும் பாதி வெறும் தோல், விரலில் வைத்து அழுத்தினால் உள்ளே ஒன்றும் இல்லை. வேறு கடையில் வாங்கிய பேக்கை அதே மாதிரி நிறுத்தபோது 2.1 கிராம் வந்தது. எடையிலும் ஏமாற்றப்படுகிறோம் என்று அப்போதுதான் தெரிந்தது. (கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பிளட்வார்ம் பலருக்கு அலர்ஜி தரும், தோல் அரிப்பில் தொடங்கி மூச்சிழைப்பு வரைக்கும் போகும்.)

வாங்கி வரும் வழியும் முக்கியம். சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம் நின்றால் நல்ல பேக்கும் உருகிவிடும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸைப் போட்டு அதில் கல்லுப்பைக் கலந்துவிடுங்கள், குல்ஃபிக்காரர் செய்வது மாதிரி. வெறும் ஐஸ் பூஜ்ஜியத்தில் நிற்கும், உப்பு சேர்ந்தால் அதற்குக் கீழே நன்றாக இறங்கும். பேக்கை பிளாஸ்டிக் கவரில் கட்டி உள்ளே வையுங்கள். ஆன்லைனில் வரவழைத்தால் டெலிவரிக்காரர் நிற்கும்போதே அழுத்திப் பாருங்கள், மெத்தென்று இருந்தால் வாங்கவே வேண்டாம்.

வீட்டு ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்கட்டும். கரண்ட் போய் வந்ததா என்று தெரிய ஒரு டம்ளர் தண்ணீரை உறைய வைத்து மேலே ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள். ஊரிலிருந்து திரும்பி வந்து பார்க்கும்போது நாணயம் ஐஸுக்குள் இறங்கியிருந்தால் பேக்கும் உருகித்தான் உறைந்திருக்கிறது.

நல்ல பேக்காக இருந்தாலும் கட்டத்தை நேராகத் தொட்டியில் போடாதீர்கள். தொட்டித் தண்ணீர் ஒரு கிண்ணத்தில் எடுத்து பத்து நிமிடம் ஊறவிட்டு, வடிகட்டி, சிவப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புழுவை மட்டும் போடுங்கள். வெந்நீர் வேண்டாம், மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒரு டஜன் சின்ன டெட்ராவுக்குக் கால் கட்டம் தாராளம், இரண்டு நிமிடத்தில் தீர வேண்டும். நான் ஒரு முழுக் கட்டம் போட்டதும் தவறுதான், 14 மீனுக்கு அது அதிகம். வாரம் இரண்டு மூன்று நாள் போதும். நியான் மாதிரி வாய் சின்ன மீனுக்கு டாஃப்னியா, சைக்ளாப்ஸ் மாதிரிப் பொடி நீருயிர்கள் இன்னும் பொருத்தம். உருகியதில் மிச்சத்தைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அந்தக் கடைக்காரர் செய்ததையே நாமும் செய்கிறோம்.

ஏற்கெனவே போட்டுத் தண்ணீர் கலங்கிவிட்டதா? அடியில் கிடப்பதை சைஃபன் வைத்து உறிஞ்சி எடுங்கள். குளோரின் நீக்கிய, அதே சூட்டில் உள்ள தண்ணீரால் பாதித் தொட்டியை மாற்றுங்கள். ஏர் ஸ்டோனை (காற்றுக் குமிழி விடும் கல்) ஓடவிட்டு இரண்டு நாள் தீனியை நிறுத்துங்கள். ஃபில்டர் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிடாதீர்கள், அம்மோனியாவைத் தின்ன இருக்கும் பாக்டீரியாவும் போய்விடும்.

பொட்டலத்தில் தயாரித்தவர் பெயர், முகவரி, மாதம், வருடம், நிகர எடை, அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-இன் பொட்டலப் பொருள் எடையளவு விதிகள் சொல்கின்றன. இல்லாத பேக்கை விற்றால் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுக்கலாம். அதற்குப் பில் கையில் இருப்பது நல்லது, கடைக்காரர் தராவிட்டால் யுபிஐ-யில் கட்டுங்கள், அந்த ஸ்கிரீன்ஷாட் இருக்கும். உருகும் முன் பேக்கின் இரண்டு பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். நான் எடுக்கத் தவறியது அது ஒன்றுதான், அதனால்தான் முதலாளி "உங்க வீட்லதான் உருகியிருக்கும்" என்று சொல்லித் தப்பித்தார்.