செம்பின் பிறப்பிடம் தேடும் ஈய ஐசோடோப்புப் பகுப்பாய்வுச் சேவை: ஒரு மதிப்புரை

எங்கள் சேகரிப்பிலுள்ள மூன்று பழஞ்செம்புக் கோடாலிகளின் தாது எங்கிருந்து வந்திருக்கும் என்பதை அறிய, ஈய ஐசோடோப்புப் பகுப்பாய்வு செய்து தரும் ஓர் ஆய்வகத்தை நாடினோம் (ஒரே தனிமத்தின், நிறையில் மட்டும் வேறுபடும் அணுவகைகளே ஐசோடோப்புகள்). அளவீட்டில் அவர்கள் காட்டிய கண்டிப்பை மனமாரப் பாராட்டுகிறேன். முடிவு எழுதியதில்தான் முதலில் சறுக்கினார்கள்.

மாதிரி எடுத்த விதம் கண்ணிலேயே நிற்கிறது. ஒரு மில்லிமீட்டர் துளைமுனையைக் கோடாலியின் அடிப்பக்கத்தில் வைத்து மெல்லத் துளைத்தபோது முதலில் உதிர்ந்த பச்சைத் தூள் முழுவதையும் களிம்பு என்று ஒதுக்கிவிட்டு, செந்நிறச் சுருள்கள் மின்னி வரத் தொடங்கிய பிறகே குப்பியில் சேர்த்தார்கள். மண்ணில் புதைந்திருந்த காலத்தில் மேற்பரப்பில் வெளி ஈயம் ஏறியிருக்கக்கூடும் என்பதால் இந்தப் பொறுமை அவசியம்.

செம்போடு கலந்துள்ள சிறிதளவு ஈயத்தைப் பிரித்து, 204, 206, 207, 208 ஆகிய நிறையெண்களுக்குரிய ஐசோடோப்புகளின் விகிதங்களை அளக்கிறார்கள். இவற்றில் பின்னைய மூன்றும் யுரேனியம், தோரியம் ஆகியவற்றின் சிதைவால் பெருகுபவை. ஆகவே தாதுப் படுகையின் வயதுக்கும் சூழலுக்கும் ஏற்ப விகிதங்கள் வேறுபடுகின்றன, உலையில் உருக்குவதால் அவை மாறுவதில்லை.

முதல் அறிக்கையோ, இரண்டாம் கோடாலிக்கு ஒரே ஒரு சுரங்கப் பகுதியின் பெயரை எழுதி முடித்திருந்தது. பல பகுதிகளின் விகிதங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதால், பொருந்தாமை ஓரிடத்தை உறுதியாக விலக்குமே தவிர, பொருத்தம் மட்டுமே பிறப்பிடத்தை நிறுவிவிடாது. ஆல்ப்ஸ் மலையில் 1991-இல் கண்டெடுக்கப்பட்ட பனியில் உறைந்து கிடந்த பழங்கால மனிதன் ஓட்சியின் செம்புக் கோடாலிக்கு, இத்தாலியின் தெற்கு டஸ்கனித் தாதுவே மூலம் என்று 2017-இல் வெளியான ஆய்வு கூறியபோதும், ஐசோடோப்புகளுடன் ஆர்செனிக், வெள்ளி, ஆன்டிமனி போன்ற நுண்தனிமங்களின் (செம்பில் மிகச் சிறிதளவே கலந்திருக்கும் தனிமங்களின்) அளவையும் சேர்த்தே எடைபோட்டது. இதை நாங்கள் எழுதிக் கேட்டதும், ஆய்வகத்தார் மறுக்காமல் நுண்தனிமங்களையும் அளந்து, விலக்கப்பட்ட பகுதிகள், இன்னும் சாத்தியமானவை என இரண்டாகப் பிரித்துத் திருத்திய அறிக்கை தந்தார்கள்.

மூன்றாம் கோடாலியைப் பற்றிய அவர்களது குறிப்பு நேர்மையானது: அதில் ஈயம் வேண்டுமென்றே சேர்க்கப்பட்ட அளவுக்கு மிகுந்திருப்பதால், கிடைத்த விகிதங்கள் அந்த ஈயத்தின் ஊரைச் சொல்லுமேயன்றிச் செம்பின் ஊரைச் சொல்லா.

இச்சேவையைப் பயன்படுத்துவோர், விகிதங்களைக் குறித்துக் காட்டும் வரைபடத்தோடு நிறைவடையாமல் மூல விகிதங்களையும் பிழையளவுகளையும் முன்கூட்டியே கேட்டுப் பெற வேண்டும். புதிய சுரங்கங்களின் தரவு வெளிவரும்போது, மீண்டும் துளையிடாமல் ஒப்பிட்டுப் பார்க்க அவையே உதவும். எங்களுக்கு அவற்றுடன், எஞ்சிய செம்புச் சுருள்களும் பெயர் ஒட்டிய மூன்று குப்பிகளில் திரும்பி வந்தன.