ஆர்பிட்டல் மோட்டார்: காகிதத்தில் எத்தனை கிலோவாட், ரிக்கில் எத்தனை?

டிடிஹெச் போர்வெல் ரிக்கின் (ஹேமர் துளைக்குள்ளேயே இறங்கி அடிக்கும் ரிக்) ரொட்டேஷன் ஹெட்டில் 160 சிசி ஆர்பிட்டல் மோட்டார் இரண்டு. ஆயில் பிரஷரில் சுற்றும் மோட்டார் இது; சிசி என்பது ஒரு சுற்றுக்கு அது வாங்கும் ஆயில். இரண்டும் பேரலலாக ஆயில் வாங்கி, 1:8 கியரில் (மோட்டார் எட்டுச் சுற்றுக்கு ராடு ஒரு சுற்று) ராடைச் சுழற்றுகின்றன. பம்ப் தருவது நிமிடத்துக்கு 80 லிட்டர். நாள் கணக்காக நிற்காமல் ஓடும் இந்த வகை அமைப்பில் தியரிட்டிகல் பவர் கணக்கு (நஷ்டம் எதையும் கழிக்காத காகிதக் கணக்கு) எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது என்பதுதான் இந்தப் பகிர்வு.

கணக்கு மூன்றே வரிதான். ஆர்.பி.எம். வேண்டுமா? லிட்டரை 1000-ஆல் பெருக்கி சிசியால் வகுக்கவும். இரண்டு மோட்டாரும் ஒரே கியரில் மாட்டியிருப்பதால் மொத்தம் 320 சிசி; 80,000 ÷ 320 = 250. டார்க் வேண்டுமா? சிசியை மோட்டாருக்குள் போகும், வெளியே வரும் ஆயிலின் பிரஷர் வித்தியாசத்தால் (பாரில்) பெருக்கி 62.8-ஆல் வகுத்தால் நியூட்டன் மீட்டர். பவருக்கு லிட்டர் × அதே பார் வித்தியாசம் ÷ 600, விடை கிலோவாட்டில். ஹெச்.பி.யாக வேண்டுமென்றால் 600-க்குப் பதில் 447. பவர் சூத்திரத்தில் சிசியே இல்லை என்பதைக் கவனியுங்கள். பெரிய மோட்டார் போட்டால் பவர் கூடும் என்று நம்பி 200 சிசி மாட்டுபவர்களுக்கு டார்க் கூடும், ஸ்பீடு குறையும், பவர் அப்படியே நிற்கும்.

பெரும்பாலோர் சறுக்குவது பிரஷரில். கேஜ் 140 பார் காட்டினால் 140-ஐ அப்படியே போட்டுவிடுகிறார்கள். மோட்டாரிலிருந்து ஆயில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் லைனில் 15 பார் தேங்கி நின்றால் மோட்டாருக்கு வேலை செய்யக் கிடைப்பது 125 மட்டுமே. 140-க்கு 18.7 கிலோவாட் வரும், 125-க்கு 16.7. இரண்டு கிலோவாட் கணக்கிலேயே காணாமல் போகிறது. போதாததற்கு, அந்த கேஜ் பம்ப் பக்கம் இருந்தால் மாஸ்ட்டில் (ரிக்கின் நிமிர்ந்த கம்பத்தில்) ஏறி இறங்கும் நீள ஹோஸின் நஷ்டமும் அதற்குள் ஒளிந்திருக்கும். மோட்டார் போர்ட்டிலேயே இரண்டு பக்கமும் டெஸ்ட் பாயிண்ட் வைத்து அளந்தால்தான் எண்ணை நம்பலாம்.

ரிட்டர்ன் பிரஷர் ஏன் அவ்வளவு? முக்கால் இஞ்ச் ஹோஸில் 80 லிட்டர் போனால் ஆயில் வேகம் வினாடிக்கு 4.7 மீட்டர். ரிட்டர்ன் லைனுக்கு அது அதிகம். ஒரு இஞ்ச் ஹோஸ் மாட்டினால் வேகம் 2.6-க்கு இறங்கும், ஹோஸின் உராய்வு நஷ்டம் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போகும். மிச்சம் பெரும்பாலும் அடைத்துப்போன ரிட்டர்ன் ஃபில்டரும் குயிக் கப்ளரும் (ஹோஸைச் சட்டென மாட்டிக் கழற்றும் இணைப்பு)தான். மோட்டாரை மாற்றச் செலவழிக்கும் முன் இதைப் பார்ப்பது மலிவு. கேஸ் டிரெயின் லைன் (மோட்டார் கூட்டுக்குள் கசியும் ஆயிலைத் தனியே டேங்குக்கு விடும் குழாய்) இல்லாத மோட்டாரில் இதே ரிட்டர்ன் பிரஷர்தான் ஷாஃப்ட் ஆயில் சீலையும் தள்ளுகிறது. சீல் அடிக்கடி போகிறது என்றால் சீல் கம்பெனியைத் திட்டுவதற்கு முன் ரிட்டர்னில் ஒரு கேஜ் மாட்டிப் பாருங்கள்.

இன்னொன்று, 16.7 கிலோவாட் எப்போதும் கிடைக்கும் பவர் அல்ல. பிரஷரைத் தீர்மானிப்பது லோடு. ஹேமர் சீராக அடிக்கும்போது கேஜ் 60 பார்தான் காட்டும் என்றால், ரிட்டர்ன் 15 போக 45. பவர் 6 கிலோவாட், அவ்வளவே. ராடு இறுகி நின்றுவிட்டாலோ நிலைமை தலைகீழ்: பிரஷர் ரிலீஃப் வால்வு (எல்லை தாண்டினால் ஆயிலை டேங்குக்கே திருப்பிவிடும் வால்வு) செட்டிங்கான 175-க்கு ஏறும், ஆர்.பி.எம். பூஜ்யம், ஆகவே வெளியே வரும் பவரும் பூஜ்யம். 80 லிட்டரும் ரிலீஃப் வால்வு வழியே ஓடி 23 கிலோவாட் சூடாக மாறும். 200 லிட்டர் டேங்கில் அது நிமிடத்துக்குச் சுமார் 4 டிகிரி. லீவரை விடாமல் பிடித்துக்கொண்டு நிற்கும் ஆபரேட்டர் ஆயிலைத்தான் காய்ச்சுகிறார். நின்ற ராடைக் கிளப்பும்போது கிடைக்கும் டார்க், ஓடும்போது கிடைப்பதைவிடக் குறைவு என்பதையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

நிஜம் எவ்வளவு? வால்யூமெட்ரிக் திறன் (கசிவு போக மிஞ்சுவது) 90 சதவீதம், மெக்கானிக்கல் திறன் (உராய்வு போக மிஞ்சுவது) 85 என்று வைத்தால் மொத்தம் 76.5 சதவீதம், 16.7 கிலோவாட் 12.8-க்கு வருகிறது. இவை இரண்டையும் பிரித்துப் பார்ப்பது முக்கியம். முதலாவதில் வரும் நஷ்டம் ஸ்பீடைத் தின்னும், இரண்டாவதில் வருவது டார்க்கை. இரண்டையும் ஒன்றாகப் பெருக்கி வைத்துக்கொண்டால் எது தேய்கிறது என்றே தெரியாது.

தியரிட்டிகல் எண்ணின் நிஜப் பயன் இங்கேதான். ஆயில் 50 டிகிரி தாண்டிய பிறகு, இன்ஜின் ஸ்பீடை நிலையாக வைத்து, ராடில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு நிமிடச் சுற்றை எண்ணுங்கள். கணக்கில் 31 (250 ÷ 8). லோடில் 28 வந்தால் ஆரோக்கியம். 25-க்கு இறங்கினால் ஐந்தில் ஒரு பங்கு ஆயில் எங்கோ நழுவுகிறது. காலையில் சரியாகவும் மதியத்துக்கு மேல் மந்தமாகவும் சுற்றினால் அது தேய்மானத்தின் கையெழுத்து: ஆயில் சூடாகி இளகியதும் இடைவெளி வழியே கசிவு கூடுகிறது.

நழுவுவது பம்பிலா மோட்டாரிலா என்பது அடுத்த கேள்வி. கேஸ் டிரெயின் ஆயிலை வாளியில் பிடித்து அளப்பது பிஸ்டன் மோட்டாருக்குச் சரி. ஆர்பிட்டலில் அது பாதிக் கதைதான். ரோட்டரின் பல்லுக்கும் ரிங்குக்கும் நடுவில் கசியும் ஆயில் நேரே ரிட்டர்னில் கலந்துவிடும், டிரெயினுக்கு வராது. ஆகவே ராடை கிளாம்ப்பில் நன்றாகப் பூட்டி, ரிலீஃபை 70 பாருக்குக் குறைத்து, ஒவ்வொரு மோட்டாரின் ரிட்டர்னையும் தனித்தனியே வாளியில் விட்டு ஒரு நிமிடம் அளக்க வேண்டும். மோட்டார் சுற்றாததால் வருவது முழுக்கக் கசிவு. ரோட்டர் நிற்கும் இடத்துக்கு ஏற்பக் கசிவு மாறும். ராடைக் கொஞ்சம் திருப்பி மூன்று நான்கு நிலைகளில் பாருங்கள். இரண்டில் ஒன்று மட்டும் தெளிவாக அதிகம் காட்டினால் அதைக் கழற்றினால் போதும். ஜோடியாக மாற்றச் சொல்பவர்கள் உண்டு. ஒரே கியரில் மாட்டிய மோட்டார்களுக்கு அது கட்டாயமில்லை.