தமிழ் தெரியாத தாதியும் அப்பாவின் பாம்புக்கடியும்: ஓர் அவசர சிகிச்சைப் பிரிவு பற்றி

அம்பாறை மாவட்டத்து அரச வைத்தியசாலை ஒன்றின் அவசர சிகிச்சைப் பிரிவில் அப்பாவோடு ஓர் இரவைக் கழித்த அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். குறையொன்றும் சொல்ல வேண்டியிருப்பதால் வைத்தியசாலையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். நாவிதன்வெளிப் பக்கத்து வயலில் வரம்பு செதுக்கிக்கொண்டிருந்த அப்பாவைப் பாம்பு தீண்டியது. அவர் சொன்ன அடையாளத்தின்படி அது கண்ணாடி விரியன். 1990 இலக்கத்துக்கு அழைத்தோம். 2016இல் இந்திய நன்கொடையுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி, பின்னர் நாடெங்கும் இலவசமாக ஓடத் தொடங்கிய சுவசெரிய அம்புலன்ஸ் எங்கள் ஒழுங்கைக்குள்ளேயே வந்து அவரை ஏற்றிச் சென்றது.

அன்றிரவு கடமையிலிருந்த தாதிக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த சிங்களம் நெல் விலை பேசுவதற்கு மேல் உதவாது. அப்பாவுக்கும் அம்மாவுக்கும் அதுவும் இல்லை. எத்தனை மணிக்குக் கடித்தது என்று தாதி கேட்டபோது, பின்னேரம் என்பதை மனதில் வைத்து நான் "ஹவஸ" என்றேன். ஆறு மணியா என்று விரலால் கேட்டார். நானும் பதற்றத்தில் தலையாட்டிவிட்டேன். ஆனால் அவர் அதை எழுதவில்லை. பேனையை நிறுத்தி, அப்பாவின் பக்கம் குனிந்து, "தாத்தே" என்று அழைத்துச் சுவர் மணிக்கூட்டைக் காட்டினார். சிங்களத்தில் அது தகப்பனை அழைக்கும் சொல். அப்பா நான்கு விரல்களை நீட்டி ஐந்தாவதைப் பாதி மடக்கினார். நாலரை மணி. என் வாயால் அழிந்துபோகவிருந்த ஒன்றரை மணி நேரத்தை அந்தத் தாதி அப்பாவின் விரல்களிலிருந்து மீட்டெடுத்தார்.

இன்னொன்றையும் நான் மறைத்திருந்தேன். முதலில் விஷக்கடி வைத்தியரிடம் கொண்டுபோய் மூலிகைச் சாறு குடிக்க வைத்ததைச் சொன்னால் ஏச்சு விழும் என்று பயந்தேன். அப்பாவின் சேர்ட்டில் இருந்த பச்சைக் கறையைத் தொட்டுப் பார்த்த தாதி, குடிப்பதுபோல் கையை வாயருகே கொண்டுபோய் என்னைப் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் இல்லாதபடியால்தான் நான் உண்மையைச் சொன்னேன்.

பிறகு சிறிய கண்ணாடிக் குழாய் ஒன்றில் கொஞ்சம் இரத்தம் எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்தார்கள். விரியனின் விஷம் ஏறினால் இரத்தம் உறையாது என்பதால் செய்யப்படும் சோதனை அது. நேரம் முடிந்ததும் தாதி அந்தக் குழாயை அம்மாவிடம் கொண்டுவந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து மெதுவாகச் சரித்தார். இரத்தம் தண்ணீர்போல் ஓடியது. அம்மாவுக்கு ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை; முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். தாதி குழாயை வைத்துவிட்டு, விஷமுறி மருந்துக் குப்பிகளை எடுத்துக் காட்டி, அம்மாவின் தோளில் கை வைத்தபடி சற்று நேரம் நின்றார். "அம்மா" என்ற சொல் இரண்டு மொழிக்கும் பொதுவாக இருப்பது எவ்வளவு பெரிய வசதி என்பதை அன்றுதான் உணர்ந்தேன்.

விஷமுறி மருந்து உயிரைக் காக்கும். ஆனால் சிலருக்குக் கடும் ஒவ்வாமையையும் உண்டாக்கும். உடல் அரிப்பு, தடிப்பு, மூச்சுத் திணறல், குளிர் நடுக்கம் ஆகியவற்றை நோயாளி உடனே சொல்ல வேண்டும், தாதிக்கும் அது உடனே விளங்க வேண்டும். பிரஷர் பார்க்கும் கருவியின் ஓரத்தில் ஒட்டியிருந்த பிளாஸ்டர் துண்டில் சிங்கள எழுத்தில் ஏதோ எழுதியிருந்தது. மருந்து ஏறத் தொடங்கியதும் தாதி அதைப் பார்த்து, "அரிக்குதா? மூச்சு முட்டுதா? குளிருதா?" என்று எங்கள் ஊர்த் தமிழிலேயே கேட்டார். அந்தச் சொற்களைத்தான் எழுதி வைத்திருக்கிறார். அப்பா இரண்டாம் தடவை "அரிக்குது" என்றதும் மருந்தை நிறுத்தி வைத்தியரை அழைத்தார்கள். ஊசி போட்டு, சற்றுப் பொறுத்து, மெதுவாக மீண்டும் ஏற்றினார்கள். மருந்து ஏறி முடிந்து ஆறு மணி நேரம் கழித்து, விடிவதற்கு முன் மறுபடியும் குழாய்ச் சோதனை நடந்தது. தூங்காமல் இருந்த அம்மாவைத் தாதி தேடி வந்து குழாயைச் சரித்தார். இரத்தம் கட்டியாகி அசையாமல் நின்றது.

மொழி தெரியாவிட்டால் சத்தமாகப் பேசுவதும், நோயாளியை விட்டுவிட்டுக் கூட வந்தவரிடம் மட்டும் பேசுவதும் நான் வேறு இடங்களில் பார்த்த வழக்கம். இங்கே ஒவ்வொரு முறையும் முதலில் அப்பாவிடம்தான் கேட்டார்கள். அவசர சிகிச்சையில் கருணை என்பது தொழில் திறமையின் ஒரு பகுதிதான் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன். அந்தத் தாதி பொறுமையற்றவராக இருந்திருந்தால் கடித்த நேரமும் தவறியிருக்கும், மூலிகைச் சாறும் மறைந்திருக்கும்.

குறை வீடு திரும்பும் நாளில் வந்தது. வார்டில் தந்த அறிவுறுத்தல் தாள் முழுவதும் சிங்களத்தில் இருந்தது. சிறுநீர் குறைந்தாலோ சிவந்தாலோ, பல் முரசில் இரத்தம் கசிந்தாலோ உடனே திரும்பி வர வேண்டும் என்பதைப் என் தங்கையின் பதினொரு வயது மகனிடம் சொல்லி, எங்களுக்கு விளக்கச் சொன்னார்கள். பாடசாலையில் சிங்களம் படிக்கிறான் என்பதற்காக, தாத்தாவின் சிறுநீரகம் பழுதாகக்கூடும் என்ற செய்தியை ஒரு பிள்ளையின் வாயில் வைப்பது எந்த வகையிலும் சரியல்ல. 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி. அரை தாளுக்கு மேல் வராத அந்த அறிவுறுத்தலைத் தமிழிலும் அச்சிட்டு வைப்பது வைத்தியசாலையின் கடமை.

அடுத்த கிளினிக் நாளில் அந்த அறிவுறுத்தல்களைத் தமிழில் எழுதிக்கொண்டுபோய்க் கொடுத்தேன். மேலிடத்து அனுமதி கிடைத்ததும் அச்சிடுவதாகச் சொல்லி வாங்கி வைத்திருக்கிறார்கள்.