மூன்றடுக்குத் தட்டா, ஸ்கோன் மட்டும் போதுமா?

வீட்டுக்கு நாலு பேரை ஆங்கிலேயர் பாணித் தேநீருக்கு அழைப்பதென்றால், எந்தத் தேநீர் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும். ஹை டீ வேண்டாம். பெயரைக் கேட்டால் சீமான் வீட்டு விருந்து போலிருக்கும். உண்மையில் அது வேலை முடிந்து வரும் தொழிலாளர் குடும்பங்கள் இறைச்சியும் ரொட்டியுமாக வயிறு நிறையச் சாப்பிட்ட சாயங்காலச் சாப்பாடு.

மிச்சம் இரண்டு. ஒன்று, முழு ஆஃப்டர்நூன் டீ. இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குத் தள்ளிப்போன 1840 வாக்கில், நாலு மணிப் பசிக்குப் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா தொடங்கி வைத்த பழக்கம் என்பார்கள். தட்டின் கீழடுக்கில் சாண்ட்விச், நடுவில் ஸ்கோன் (பன் போன்ற சின்ன ரொட்டி), மேலே கேக். பார்க்க அழகுதான், ஆனால் சமைப்பவருக்குத்தான் சோதனை. வெள்ளரி சாண்ட்விச்சையே எடுத்துக்கொள்ளுங்கள்: காயைக் காகிதம் போல் சீவி, உப்புத் தூவி, நீரை ஒற்றி எடுத்து, ரொட்டியின் ஓரம் வரை வெண்ணெய் தடவ வேண்டும். வெண்ணெய் விட்டுப்போன இடத்தில் ரொட்டி நமத்துவிடும். இதெல்லாம் ஒரு அடுக்குக்கு!

இன்னொன்று கிரீம் டீ: ஸ்கோன், ஜாம், கிளாட்டட் கிரீம் (மெல்லச் சூடாக்கி ஏடாகத் திரட்டிய கெட்டிக் கிரீம்), ஒரு கெட்டில் தேநீர். அவ்வளவுதான். ஆனால் ஒளிந்துகொள்ள இடமில்லை. ஸ்கோன் கெட்டால் விருந்தே கெட்டது. வெண்ணெய் சில்லென்று இருக்கட்டும், மாவை அதிகம் பிசையாதீர்கள், மாவை வெட்டும் அச்சைத் திருகாமல் நேராக அழுத்துங்கள். திருகினால் ஓரம் ஒட்டிக்கொண்டு ஸ்கோன் கோணலாக எழும்பும். கிரீமில் சமரசம் கூடாது. கார்னிஷ் (கார்ன்வால் வட்டாரத்து) கிளாட்டட் கிரீம் என்று பெயர் போட்டு விற்கவே குறைந்தது 55 சதவீதம் கொழுப்பு வேண்டும்; அடித்து நுரைத்த கிரீம் அதற்கு ஈடாகாது.

இங்கிலாந்தின் தென்மேற்கில், டெவன்காரர் முதலில் கிரீம் தடவுவார், கார்ன்வால்காரர் முதலில் ஜாம். நான் ஜாம் கட்சி. கெட்டியான கிரீம் மேலே நின்றால்தான் கண்ணுக்கு நிறைவு.

பிறந்தநாள், கூட இரண்டு கை உதவி என்றால் மூன்றடுக்குத் தட்டை இறக்குங்கள். தனி ஆளாக, முதல் தடவை என்றால் கிரீம் டீயே. ஸ்கோன் மிஞ்சினால் மறுநாள் வறண்டுபோகும்; பிளந்து வாட்டி வெண்ணெய் தடவினால் காலைச் சாப்பாட்டுக்கு ஆச்சு.