நான்கு தந்தியா, ஐந்து தந்தியா? ஆராதனைக் குழுவுக்கு எந்த பேஸ் கிட்டார்?

சபை ஆராதனைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிக்க முன்வருகிறவர்கள் முதலில் விசாரிப்பது எந்த பிராண்டு நல்லது என்றுதான். அதைவிட முக்கியமான கேள்வி தந்திகளின் எண்ணிக்கை. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஆலயத்தில் சப்வூஃபர் (ஆழ்ந்த ஒலிக்கென்றே இருக்கும் தனி ஸ்பீக்கர்) இல்லை என்றால் நான்கு தந்தியே போதும். இருக்கிறது என்றால், உங்கள் சபையில் பாடுகிறவரின் குரலைக் கேட்டு முடிவெடுங்கள்.

லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது அதில் இருந்தவை ஈ, ஏ, டி, ஜி என்ற மேற்கத்திய சுரங்களில் ஒலிக்கும் நான்கு தந்திகள். தந்தியின் நீளம் 34 அங்குலம். அந்த அளவுகள்தான் இன்றைக்கும் பொது வழக்கு. அடியில் தடித்த பி தந்தி சேர்ந்த ஐந்து தந்தி பேஸ் 1970களில் தலைகாட்டியது. சிந்தசைசர்கள் கிட்டாருக்கு எட்டாத ஆழத்தில் பேஸ் வாசிக்கத் தொடங்கிய 1980களில் அது பரவலாயிற்று.

ஐந்து தந்திக்காரர்கள் சொல்லும் வலுவான காரணம் ஸ்கேல், அதாவது பாட்டின் சுருதி. ஒரே பாட்டை அண்ணன் ஒருவர் டி-யில் பாடுவார், அக்கா ஒருவர் ஏ-யில் பாடுவார், குரல் கட்டிய ஞாயிற்றுக்கிழமையில் எல்லாம் அரைச் சுரம் இறங்கும். கீபோர்டுக்காரர் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸ் பொத்தானை அழுத்திவிடுவார், கிட்டார்காரர் எல்லாத் தந்திகளையும் சேர்த்து அழுத்தும் கேப்போ என்ற கவ்வியை மாட்டிக்கொள்வார். பேஸ்காரருக்குத்தான் போக்கிடம் இல்லை. இதில் இன்னொரு கூத்தும் உண்டு: ட்ரான்ஸ்போஸ் போட்ட கீபோர்டுக்காரர் தன் விரல் இருக்கும் இடத்தைப் பார்த்து "சி, சி" என்று சொல்லிக்கொடுப்பார், ஸ்பீக்கரில் ஒலிப்பதோ ஈ பிளாட், அதாவது ஈ-க்கு அரைச் சுரம் கீழே.

அந்த ஈ பிளாட்டில்தான் நான்கு தந்தியின் குறை தெரியும். அதன் ஆகக் கீழான சுரம் ஈ, 41 ஹெர்ட்ஸ். ஈ பிளாட்டுக்கு அதற்குக் கீழே இடமில்லை. டி தந்தியின் முதல் ஃப்ரெட்டிலோ (ஃப்ரெட் என்பது கழுத்தில் பதித்த உலோகப் பட்டை) ஏ தந்தியின் ஆறாவது ஃப்ரெட்டிலோ, ஒரு ஸ்தாயி மேலேதான் பிடிக்க வேண்டும். பல்லவி வந்து விழும் இடத்தில் தரை நழுவியதுபோல் இருக்கும். ஐந்து தந்தியில் பி தந்தியின் நான்காவது ஃப்ரெட்டை அழுத்தினால் 39 ஹெர்ட்ஸில் அதே சுரம் கிடைக்கும். டி-யும் சி-யும் அதே தந்தியில் இன்னும் கீழே இருக்கின்றன. கடைசிப் பல்லவியில் அரைச் சுரம் ஏற்றினாலும் கை அப்படியே ஒரு ஃப்ரெட் நகர்ந்தால் போதும்.

இவ்வளவும் காகிதத்தில் சரி. ஆலயத்தில் ஒலிக்குமா என்பது வேறு விஷயம். திறந்த பி தந்தியின் அடிப்படை அதிர்வு 31 ஹெர்ட்ஸ். நம் ஆலயங்களில் கம்பத்தின் மேல் நிற்கும் 12 அங்குல ஸ்பீக்கர்களில் பெரும்பாலானவை 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே தளர்ந்துவிடும். அடிநாதம் போய் அதன் மேற்சுரங்கள் மட்டும் மிஞ்சும். கான்கிரீட் சுவரும் டைல்ஸ் தரையும் அதையும் குழப்பி, எந்தச் சுரம் என்றே தெரியாத உறுமலாக்கிவிடும். போதாக்குறைக்கு, ஒலிபெருக்கியைக் கவனிக்கும் தம்பி மைக்குகளுக்குப் போடும் லோ கட் பொத்தானை பேஸ் சேனலிலும் போட்டிருப்பார். மிக்ஸரைப் பொறுத்து 80 அல்லது 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை அது வெட்டிவிடும். அந்தப் பொத்தானை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்; புதுக் கிட்டாரே தேவைப்படாமல் போகலாம்.

கைவேலையிலும் ஐந்து தந்தி கேட்பது அதிகம். நான்கில் வலது பெருவிரலை, தந்தியின் அதிர்வை வாங்கும் பிக்கப்பின் மேல் சாய்த்துவிட்டு நிம்மதியாக வாசிக்கலாம். ஐந்தில் அந்த விரல் பி தந்தியின் மேல் படிந்திருக்க வேண்டும். மேல் தந்திகளுக்குப் போகும்போது கூடவே நகர்ந்து ஈ தந்தியையும் அமர்த்த வேண்டும். மறந்தால், நீங்கள் தொடாத பி தந்தி தானாக அதிர்ந்து முனகும். வேகப் பாட்டில் யாருக்கும் தெரியாது. டிரம்ஸ் நின்று, எல்லோரும் கண்மூடி ஜெபிக்கும் நேரத்தில் பேஸ் மட்டும் மெல்லத் தொடரும்போது அந்த முனகல் கடைசி பெஞ்சு வரை கேட்கும். விலை குறைந்த கருவிகளில் பி தந்தி தளர்ந்து தொளதொளப்பதும் உண்டு. வாங்குவதானால் 35 அங்குல நீளம் உள்ளதையும் வாசித்துப் பாருங்கள், தந்தி கொஞ்சம் விறைப்பாக நிற்கும். கழுத்து அகலம், எடை, தந்தி செட்டின் விலை எல்லாமே ஐந்தில் கூடுதல்.

பாமாலையும் கீர்த்தனையும் அதிகம் பாடும் சபையானால் எனக்குச் சந்தேகமே இல்லை: நான்கு தந்தி, அதில் தட்டைச் சுற்றுத் தந்திகள் (ஃப்ளாட்வுண்ட், தட்டையான கம்பி சுற்றியவை). நாதம் உருண்டு வரும், விரல் உராயும் சத்தம் குறையும். தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கத்து உப்புக்காற்றில் சாதாரணத் தந்திகளைவிட அதிக நாள் தாங்கவும் செய்யும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. நான்கு தந்தி பேஸின் ஈ தந்தியை டி வரை இறக்கும் நெம்புகோல் கொண்ட முறுக்காணி தனியாக விற்கிறது. ஈ பிளாட்டும் டி-யும் கைக்கு வந்துவிடும். ஆனால் அந்தத் தந்தியில் மட்டும் எல்லாச் சுரமும் இரண்டு ஃப்ரெட் தள்ளிப்போகும். பாட்டின் நடுவில் அதை நினைவில் வைத்திருப்பது பழக்கத்தில்தான் வரும்.

எதை வாங்கினாலும் கீபோர்டுக்காரரிடம் முதலில் பேசிவிடுங்கள். நம் சபைகள் பலவற்றில் பேஸ் கிட்டார் வருவதற்கு முன் அவருடைய இடது கைதான் பேஸ். நீங்கள் வந்த பிறகும் அந்தக் கை பழக்கத்தில் கீழ்ச் சுரங்களையே தேடும். ஒரே ஸ்தாயியில் இருவர் வாசித்தால் நான்கு தந்தியும் ஒன்றுதான், ஐந்து தந்தியும் ஒன்றுதான்: இரண்டுமே கேட்காது. இடது கையை நடு ஸ்தாயிக்கு மேலே ஏற்றிக்கொள்ள அவர் சம்மதித்த பிறகு கடைக்குப் போகலாம்.